தென்னந்தோப்பில் பென் ஹோகன்: கோல்ஃப் ஸ்விங் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 11 வருஷம் வேலை பார்த்தேன். பயிற்சித் திடலில் பந்து பொறுக்கும் வண்டி ஓட்டியது முதல் வேலை. அப்புறம் கிளப்களை (பந்தடிக்கும் கோல்களை)க் கழுவித் துடைத்து அடுக்கும் அறை. கடைசி 4 வருஷம் பயிற்சியாளர்களுக்கு உதவியாக நின்றேன். ஊருக்குத் திரும்பியதும் குமரி மாவட்டம் திங்கள்நகர் பக்கத்தில் எங்கள் விளையில் (தென்னந்தோப்பை எங்கள் பக்கம் விளை என்போம்) ஒரு வலையைக் கட்டி, தினமும் காலையில் அடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் மதிலுக்கு வெளியே பிள்ளைகள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். அதில் ஒருவன் விசா கிடைத்து ஒரு கோல்ஃப் ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போக இருந்தவன். “அண்ணே, இத எங்க போய் படிக்க?” என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு பயிற்சியாளரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பக்கத்தில் என்றால் திருவனந்தபுரம் கவடியாரில் 9 குழி மைதானம் இருக்கிறது. 18 குழி வேண்டுமென்றால் கொடைக்கானல் போகலாம். ஆனால் ஸ்விங்கை, அதாவது கிளப்பைப் பின்னால் கொண்டுபோய் வீசி அடிக்கும் வீச்சை, பழக மைதானம் வேண்டாம். ஒரு கிளப், ஒரு வலை, ஒரு போன், பின்பற்ற ஒரு ஆசான். அடிமுறை (எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலை) படித்தவர்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்: ஆயிரம் பேரின் அடியைப் பார்த்து ஒன்றும் வராது, ஒரு ஆசானின் சுவடைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

என் ஆசான் பென் ஹோகன், அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரர். நான் பிறப்பதற்கு முன்பே பெரிய போட்டிகளை விட்டு விலகியவர்.

ஏன் அவர் என்று கேட்டால், அவருக்கு இந்த ஆட்டம் தானாக வரவில்லை. 1912-ல் டெக்சாஸில் பிறந்தார். சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். ஃபோர்ட் வொர்த்தில் ஒரு மைதானத்தில் பை சுமக்கிற கேடியாகத் தொடங்கி, 1930-ல் 17 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். தனியாக முதல் பட்டம் ஜெயிக்க 1940 வரை ஆயிற்று. இடைப்பட்ட பத்து வருஷமும் அவரைப் படுத்தி எடுத்தது ஒரே நோய்: ஹூக். பந்து கிளம்பிப் போய், கடைசியில் இடது பக்கமாகச் சுருண்டு விழும். அதை ஒழிப்பதற்காகத் தன் ஸ்விங்கைக் கடிகாரத்தைப் பிரிப்பதுபோலப் பிரித்து, ஒவ்வொரு சக்கரமும் எதற்கு என்று பார்த்து, திரும்பக் கோத்தார். 1957-ல் அதையெல்லாம் படங்களோடு விளக்கி எழுதியும் வைத்தார். பிறவி மேதைகள் ஆடுவதைப் பார்க்க அழகாக இருக்கும்; எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. கஷ்டப்பட்டுக் கற்றவருக்குத்தான் கற்பிக்க வரும்.

இன்னொன்றும் உண்டு. 1949 பிப்ரவரி 2-ஆம் தேதி, பனிமூட்டத்தில் எதிரே வந்த பஸ் அவர் காரில் நேருக்கு நேர் மோதியது. பக்கத்தில் இருந்த மனைவியைக் காப்பாற்ற அவர் மேல் பாய்ந்து விழுந்தார். ஸ்டியரிங் தண்டு ஹோகன் உட்கார்ந்திருந்த இருக்கையைக் குத்திக்கொண்டு போனது. இடுப்பெலும்பு, காறையெலும்பு, கணுக்கால் எல்லாம் முறிந்தன. 16 மாதம் கழித்து, 1950 ஜூனில், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பனை ஜெயித்தார். 1953-ல் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றும் அவருக்கே. மொத்தம் ஒன்பது மேஜர் பட்டங்களில் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளின் பட்டங்கள்) ஆறு அந்த விபத்துக்குப் பிறகு வந்தவை. கால் பழுதான பிறகும் நின்ற ஸ்விங் அது. அதை நம்பலாம்.

ஆசானின் மருந்து வேறு, உங்கள் நோய் வேறு

கிளப்பைத் தொடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

ஹோகனுக்கு இருந்த நோய் ஹூக், அதாவது இடப்பக்கம் சுருளுவது. (வலது கைக்காரரை வைத்தே எல்லாம் சொல்கிறேன், இடது கைக்காரர் அப்படியே திருப்பிக்கொள்ளவும்.) புதிதாகப் பழகுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வருவது ஸ்லைஸ், வலப்பக்கம் வளைந்து ஓடுவது. இரண்டும் நேர் எதிர். ஹோகன் தன் ஹூக்கை அடக்குவதற்காக இடது கையை இடப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னால் கொண்டுபோவது) உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்பக்கமாக மடித்தார். இரண்டுமே கிளப்பின் முகத்தை, அதாவது பந்தில் படும் பரப்பை, வலப்பக்கம் திறந்து வைக்கிற வேலைகள். ஏற்கெனவே முகம் திறந்து கிடக்கிற புதியவர் இதையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும்?

எனக்கு நடந்தது. துபாயில் வேலை முடிந்து இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆறு மாதம் ஹோகனின் பிடியை அச்சு மாறாமல் பிடித்து அடித்தேன். ஒவ்வொரு பந்தும் வலப்பக்கம் ஓடியது. இன்னும் அழுத்திப் பழகினால் சரியாகும் என்று உள்ளங்கை கொப்புளிக்க அடித்தேன். கடைசியில் வயதான ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்து ஒரு விரல் அகலம் வலப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் போனார். அடுத்த பந்து நேராகப் போனது.

சர்க்கரைக்காரருக்கு எழுதிய சீட்டை வைத்து ரத்தக் கொதிப்புக்காரர் மருந்து வாங்கக்கூடாது. ஆகவே ஹோகனிடம் இருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உடம்பு எந்த வரிசையில் திரும்புகிறது, எடை எப்படி மாறுகிறது, கைகள் மார்போடு எப்படி ஒட்டி நிற்கின்றன, பந்தைத் தொடும்போது இடது மணிக்கட்டு எப்படி இருக்கிறது: இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் திருப்பிய பிடியையும், உச்சியில் மடித்த மணிக்கட்டையும், செங்குத்தாக நிறுத்திய வலது பாதத்தையும் அவருக்கே விட்டுவிடுங்கள்.

சாமான்கள்

முழு செட் வாங்க வேண்டாம். பழைய 7 நம்பர் ஐயர்ன் (நடுத்தர நீளமுள்ள கிளப்) ஒன்று போதும். வளைகுடாவிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லி வைத்தால் கிடைக்கும். டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) முதல் மூன்று மாதம் கையில் எடுக்காதீர்கள். நீளமான கிளப் சின்னத் தப்பைப் பெரிதாக்கிக் காட்டும், மனசு விட்டுப் போகும்.

வலைக்கு நமக்குக் கவலையே இல்லை. குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் என்று எங்கே போனாலும் கழித்த மீன்வலை கிடைக்கும். பார்க்க வேண்டியது கண்ணியின் அளவு. கோல்ஃப் பந்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 43 மில்லிமீட்டர்; கண்ணி 25 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. வெயிலில் கிடந்து வெளுத்த நைலான் இற்றுப் போயிருக்கும், விரலால் இழுத்தாலே அறுந்தால் விட்டுவிடுங்கள். நல்ல வலையையும் இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். இரண்டு தென்னைக்கு நடுவே கயிறு இழுத்து, விறைப்பாகக் கட்டாமல் தொய்வாகத் தொங்க விடுங்கள். விறைப்பான வலை பந்தைத் திருப்பி உங்கள் மேலேயே எறியும். வலைக்குப் பின்னால் குறைந்தது ஒரு மீட்டர் வெற்றிடம், பந்துக்கும் வலைக்கும் பத்தடி. உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆளும் நிற்கக்கூடாது, குழந்தைகள் கிட்டவே வரக்கூடாது. கிளப் கையிலிருந்து நழுவினால் அது எந்தப் பக்கமும் போகும். ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசுகிற இடங்களில் வலையின் அடியை மண்மூட்டை வைத்து அழுத்தாமல் அடிக்காதீர்கள்.

அடிப்பதற்குத் தரை வேண்டும். சிமெண்ட் தரையில், மொட்டை மாடியில் அடித்தால் மணிக்கட்டும் முழங்கையும் வீங்கிவிடும். மண் தரையில் ஒரு பழைய ரப்பர் ஷீட், அதன் மேல் தடித்த தும்பு (தேங்காய் நார்) மிதியடி. இதைவிட நல்ல விரிப்பை நான் காசு கொடுத்தும் வாங்கியதில்லை.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு

ஹோகனின் பழைய ஓட்டப்படங்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. 1964-ல் ஹூஸ்டனில், அந்தக் காலத்து இன்னொரு பெரிய ஆட்டக்காரரான சாம் ஸ்னீடோடு அவர் ஆடிய ஆட்டம் படம் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய வயது; எல்லா கிரீனையும் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) கணக்கிட்ட அடிகளுக்குள் தொட்டார். முதலில் அதை ஓட விட்டுச் சும்மா பாருங்கள். நடையையும், நிற்கிற விதத்தையும், பந்தைப் பார்க்கிற பார்வையையும் பாருங்கள்.

அப்புறம் வேகத்தைக் கால்வாசிக்குக் குறைத்துப் பாருங்கள். ஒரு தடவையில் ஒரே உறுப்பு. இன்றைக்கு இடுப்பு பெல்ட்டின் கொளுவி (பக்கிள்) மட்டும், நாளைக்கு வலது முழங்கை மட்டும், மறுநாள் இடது முழங்கால் மட்டும். எல்லாவற்றையும் ஒரே தடவை பார்க்கிறவர் எதையும் பார்ப்பதில்லை. நான் பெல்ட் கொளுவியை மட்டும் ஒரு வாரம் பார்த்தேன். கிளப் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே கொளுவி முன்பக்கம் திரும்பத் தொடங்கிவிடுவது நாலாவது நாள்தான் கண்ணில் பட்டது. ஸ்விங்கின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பிடியும் நிலையும்

இடது உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். சுண்டுவிரலுக்குக் கீழே மணிக்கட்டை ஒட்டிச் சதை திரண்டிருக்கும். கிளப்பின் பிடி அந்தச் சதைக்கு அடியில் தொடங்கி, சாய்வாக வந்து, ஆள்காட்டி விரலின் வளைவில் முடிய வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மற்ற விரல்களை எடுத்துவிட்டு அந்தச் சதையாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் கிளப்பைத் தூக்குங்கள். தூக்க வந்தால் சரி. இது ஹோகன் சொல்லிக் கொடுத்த சோதனை.

வலது கை முழுக்க விரல்பிடி. நடு இரண்டு விரல்கள்தான் முக்கியம். வலது சுண்டுவிரல் இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் மேல் உட்காரும். வலது கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேடு இடது கட்டைவிரலை மூடிக்கொள்ளும். இப்போது இரண்டு கையும் ஒரே கை.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் மடிப்பு எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். ஹோகனுக்கு இடது கை மடிப்பு வலது கண்ணை நோக்கும், வலது கை மடிப்பு தாடையை நோக்கும். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். இரண்டு மடிப்பும் வலது தோளை நோக்கட்டும். குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு, இரண்டரை விரல்முட்டி தெரியட்டும். இறுக்கம் எவ்வளவு? கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல. இடது கையின் கடைசி மூன்று விரலும் வலது கையின் நடு இரண்டு விரலும் பிடிக்கட்டும், மற்றவை சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதெல்லாம் பிடித்துப் பிடித்து விடுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

நிலைக்கு வருவோம். பாதங்கள் தோள் அகலம். இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பட்டும். வலது பாதத்தை ஹோகன் பந்து போகும் கோட்டுக்கு நேர் செங்குத்தாக வைத்தார். இடுப்பு பின்னால் அதிகம் திரும்பாமல் தடுக்க அது அவருக்கு உதவியது. வில்லாக வளையும் உடம்பு அவருடையது. நாற்பது தாண்டியவர்களும், நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களும் வலது பாதத்தையும் கொஞ்சம் வெளியே திருப்பி வையுங்கள், இடது குதிகால் லேசாக எழும்பினாலும் விடுங்கள். முதுகு காப்பாற்றப்படும்.

இடுப்பிலிருந்து குனியுங்கள், முதுகை வளைக்காதீர்கள். உயரமான முக்காலியில் பாதி உட்கார்வதுபோல முழங்கால் மடியட்டும். இரண்டு முழங்கையும் ஒன்றையொன்று நெருங்கி, இடுப்பெலும்பைப் பார்க்கட்டும். ஒரு துவர்த்தை (துண்டை) நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொள்ளுங்கள். அது கீழே விழாமல் இடுப்புயரத்துக்குப் பின்னால், இடுப்புயரத்துக்கு முன்னால் என்று அரை ஸ்விங் போடுங்கள். கை தனியாகப் பறக்காமல் நெஞ்சோடு சேர்ந்து திரும்புவது இதில் புரியும். பிடி பழகிய வாரத்துக்கு அடுத்த பதினைந்து நாளும் இது மட்டும்தான், தினம் ஐம்பது, பந்தில்லாமல்.

பேக்ஸ்விங்: ஓலைக்கூரைக்குக் கீழே

ஹோகன் சொன்ன உவமை கண்ணாடிப் பலகை. பந்திலிருந்து சாய்வாக எழுந்து தோள்மேல் படிந்திருக்கும் ஒரு பெரிய கண்ணாடி. அதன் ஓட்டையில் உங்கள் தலை மட்டும் வெளியே. பேக்ஸ்விங்கில் கைகள் அந்தக் கண்ணாடிக்குக் கீழேயே போக வேண்டும், உடைத்துக்கொண்டு மேலே வரக்கூடாது. நான் பிள்ளைகளுக்கு ஓலைக்கூரை என்று சொல்வேன். பழைய ஓலைவீட்டு இறவாணத்தில் (கூரையின் விளிம்பில்) தலையை நுழைத்து நிற்கிறீர்கள், கூரையின் சரிவு தரையிலிருந்து உங்கள் தோள் வரைக்கும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கூரையைக் கிழித்தால் ஸ்விங் நட்டக்குத்தலாகிவிட்டது.

வரிசை முக்கியம். போகும்போது முதலில் கை, அப்புறம் தோள், கடைசியில் இடுப்பு. தோள் இழுத்த இழுப்புக்குத்தான் இடுப்பு திரும்ப வேண்டும். உச்சியில் இடது தோள் தாடைக்குக் கீழே வந்திருக்கும், முதுகு வலையைப் பார்க்கும். தோள் கால் வட்டம், இடுப்பு அதில் பாதி. இந்த வித்தியாசம்தான் முறுக்கு. இடது புறங்கையும் முன்கையும் உச்சியில் ஒரே நேராக இருக்கட்டும். ஹோகனைப்போலப் பின்னால் மடிக்க வேண்டாம் என்று முன்பே சொன்னேன்.

டவுன்ஸ்விங்: மணக்குடியில் பார்த்தது

இந்த இடத்தில் நான் சிக்கிக் கிடந்தது வருஷக்கணக்கில். கீழே வரும்போது இடுப்பு முதலில் திரும்ப வேண்டும் என்று படித்தேன், படம் பார்த்தேன், பயிற்சியாளர்கள் மற்றவர்களுக்குச் சொன்னதையும் பக்கத்தில் நின்று கேட்டேன். உடம்புக்கு ஏறவில்லை. ஏறியது ஒரு லீவில் ஊருக்கு வந்தபோது, மணக்குடிக் காயலில்.

விடிந்தும் விடியாத நேரம். முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு பாட்டா (வயதானவர்) வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். வலையின் ஒரு பகுதி இடது முழங்கைமேல், ஒரு பகுதி வலது கையில், ஈயக்குண்டுச் சரட்டில் ஒரு முனை பல்லிடுக்கில். வலப்பக்கமாக மெல்லத் திரும்பினார், முதுகு கிட்டத்தட்டத் தண்ணீரைப் பார்த்தது. குண்டுகள் பின்பக்கமாக ஆடிப் போயின. அவை போய் முடிவதற்கு முன்பே அவருடைய இடது முழங்கால் முன்னால் நகர்ந்தது, மடித்துக் கட்டிய வேட்டியின் முடிச்சு திரும்பியது. கை இன்னும் பின்னாலேயே நின்றது. அப்புறம் தோள், அப்புறம் கை, கடைசியில் வலை. குண்டுகள் பின்தங்கி வந்து சரேலென்று விரிந்து வட்டமாகத் தண்ணீரில் விழுந்தன.

நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். வாயிலிருந்து சரட்டை எடுத்துவிட்டு, “கையால எறியப்பிடாது மக்களே. இடுப்பு போவட்டு, வல தன்னால விரியும்” என்றார். கையால் எறிந்தால் வலை சுருண்டு பொத்தென்று விழும் என்று ஒரு தடவை எறிந்தும் காட்டினார்.

ஹோகனின் வேட்டி முடிச்சு அந்த பெல்ட் கொளுவி. கிளப் பின்னால் போய் முடிவதற்கு முன்பே இடுப்பு இடப்பக்கம் திரும்பத் தொடங்கும். இடுப்பு கொஞ்சம் முன்னால் ஓடி வேகம் குறையும்போது அந்த வேகம் தோளுக்கு ஏறும்; தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து கிளப்புக்கு. சாட்டையின் நுனியில் வேகம் சேருவதும் இப்படித்தான். புதியவர் பந்தைப் பார்த்ததும் செய்வது இதற்கு நேர் எதிர்: வலது தோளும் கையும் முதலில் பாயும். கிளப் வெளிப்பக்கமாகப் போய், பந்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு உள்ளே வரும். முகம் அந்தப் பாதைக்குத் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். ஸ்லைஸ் பிறக்கிற இடம் இது.

இதைப் பழக எனக்குப் பலன் கொடுத்தவை இரண்டு. முதலாவது, எட்டு வைத்து அடிப்பது. கால்களைச் சேர்த்து வைத்து நில்லுங்கள். பேக்ஸ்விங்கைத் தொடங்குங்கள். கிளப் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை வலைப்பக்கமாக ஒரு எட்டு எடுத்து வைத்து, பிறகு அடியுங்கள். காலை வைத்ததும் இடுப்பு தன்னால் திரும்பும், கை தன்னால் பின்தங்கும். முதலில் பந்தில்லாமல், மெதுவாக. அந்தப் பாட்டாவை மனசில் நினைத்துக்கொண்டு செய்யச் சொல்வேன். கடற்கரைப் பிள்ளைகள் இரண்டாவது தடவையிலேயே பிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, மதில். பின்புறம் மதிலை லேசாகத் தொடும்படி நின்று, கையை நெஞ்சில் கட்டிக்கொள்ளுங்கள். பேக்ஸ்விங்கில் வலது பிட்டம் மதிலை அழுத்தும். கீழே வரும்போது இடது பிட்டம் போய் மதிலை அழுத்த வேண்டும். இரண்டுமே மதிலை விட்டு வந்துவிட்டால் இடுப்பு திரும்பாமல் பந்தை நோக்கித் தள்ளப்படுகிறது என்று பொருள். பந்தடிக்கிற நாளெல்லாம் தொடங்குவதற்கு முன் இதை இருபது தடவை செய்யுங்கள்.

இதோடு ஹோகனிடம் வலது முழங்கையைப் பாருங்கள். கீழே வரும்போது அது வலது இடுப்பை உரசிக்கொண்டு வரும். குளத்துத் தண்ணீரில் சில்லு எறியும்போது முழங்கை எங்கே வருகிறதோ அங்கேதான்.

பந்தைத் தொடும் கணம்

பந்தைத் தொடும்போது ஹோகனின் இடது புறங்கை வலையைப் பார்த்திருக்கும். மணிக்கட்டு எலும்பு முன்பக்கமாகக் கொஞ்சம் புடைத்திருக்கும். கை கிளப் தலையைவிட முன்னால் இருக்கும். இதைப் புதியவரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எடுத்தே ஆக வேண்டும். பந்தை அள்ளித் தூக்கிவிடலாம் என்று மணிக்கட்டைப் பின்னால் மடிக்கும் பழக்கத்துக்கு இது நேர் மருந்து. பந்தைத் தூக்குவது கிளப்பின் சாய்வு பார்த்துக்கொள்ளும், உங்கள் வேலை கீழ்நோக்கி அடிப்பது.

ஒரு பழைய லாரி டயரைச் சாய்த்து வைத்து, கிளப் தலையை அதில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். அடிக்காதீர்கள், அழுத்துங்கள். அழுத்தும்போது இடது மணிக்கட்டு மடியாமல், இடுப்பு முன்பக்கம் திறந்து, எடை இடது காலில் இருக்கும்படி உடம்பை ஒழுங்குபடுத்துங்கள். பத்து எண்ணும் வரை நில்லுங்கள். உடம்பு அந்த உருவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஈரமணல். சங்குத்துறையிலோ சொத்தவிளையிலோ ஆளில்லாத காலை நேரத்தில், அலை வந்து போன கெட்டி மணலில் விரலால் ஒரு கோடு கிழியுங்கள். கோட்டைப் பந்தாக நினைத்து ஸ்விங் போடுங்கள். கிளப் மணலைச் சீவிய தடம் கோட்டிலோ கோட்டுக்கு முன்னாலோ தொடங்க வேண்டும், அதன் ஆழமான இடம் மூன்று நாலு விரல் முன்னால் இருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தடம் விழுந்தால் எடை இன்னும் வலது காலிலேயே தங்கியிருக்கிறது. மணல் பொய் சொல்லாது. எந்தக் கருவியையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. பந்து மட்டும் கொண்டுபோகாதீர்கள், கடலுக்குள் அடிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கிளப்பை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு. உப்புக்காற்று எஃகை விட்டுவைக்காது. பிடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் வழுக்காது.

போனை ஆசானுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

வாரத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள், தினமும் வேண்டாம். இரண்டே கோணம். ஒன்று நெஞ்சுக்கு நேர் எதிரே. மற்றது உங்கள் வலப்பக்கத்தில், வலையைப் பார்த்தபடி, கால்விரல்களுக்கும் பந்துக்கும் நடுவே, கை உயரத்தில். போன் உயரமும் இடமும் ஒவ்வொரு வாரமும் மாறக்கூடாது. முக்காலி வைக்கிற இடத்தில் ஒரு கொதும்புத் துண்டை (காய்ந்த தென்னம்பாளை) நட்டு வையுங்கள். கோணம் ஒரு சாண் மாறினாலும் ஸ்விங் மாறியதுபோலத் தோன்றும்.

ஸ்லோ மோஷனில் ஓட்டி நாலு இடத்தில் நிறுத்துங்கள்: நிலை, உச்சி, கை இடுப்புயரத்துக்கு இறங்கிய இடம், பந்தைத் தொடும் கணம். ஹோகனின் படத்தை அதே நாலு இடத்தில் நிறுத்திப் பக்கத்தில் வையுங்கள். உச்சியில் கை எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் ஒப்பிட வேண்டாம், அது உடம்பு வாகு. மூன்றாவது படத்தில் கண்ணை வையுங்கள். கை இடுப்புயரத்தில் இருக்கும்போது ஹோகனின் இடுப்பு ஏற்கெனவே வலைப்பக்கம் திறந்திருக்கும். உங்களுடையது இன்னும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த வாரமும் எட்டு வைத்து அடிப்பதுதான் வேலை. ஒரு வாரத்துக்கு ஒரே திருத்தம், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் மாதம் பிடி, நிலை, துவர்த்து. இரண்டாவது மாதம் பந்தோடு அரை ஸ்விங், தினம் முப்பது பந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே கையை எடுத்துத் திரும்பப் பிடித்து. மூன்றாவது மாதம் முழு ஸ்விங், அதிலும் பாதி பந்தில்லாமல். மேலே போகும் நேரம் மூன்று பங்கு என்றால் கீழே வருவது ஒரு பங்கு என்று மனசுக்குள் எண்ணிக்கொள்ளலாம். முதுகிலோ முழங்கையிலோ வலி வந்தால் மூன்று நாள் நிறுத்துங்கள், பிறகு பாதி வேகத்தில் தொடங்குங்கள்.

வலையில் அடித்துப் பழகியவருக்கு ஒரு குறை உண்டு: பந்து எங்கே போயிருக்கும் என்று தெரியாது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் திறந்த பயிற்சித் திடலுக்குப் போங்கள். 7 நம்பர் ஐயர்னும் ஐம்பது பந்தும் போதும். முதல் பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். மற்ற நாற்பதுக்கும் ஒரு தாளில் இரண்டு விஷயம் குறியுங்கள்: பந்து எந்தப் பக்கம் கிளம்பியது, எந்தப் பக்கம் வளைந்தது. கிளம்புகிற திசை பெரும்பாலும் கிளப்பின் முகத்தைச் சொல்லும். வளைவு, முகத்துக்கும் கிளப் வந்த பாதைக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும். நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால் பிடியைத் தொடாதீர்கள், பாதைதான் குறுக்கே வெட்டுகிறது. திரும்ப மதிலுக்கும் எட்டு வைப்பதற்கும் போங்கள். வலப்பக்கமே கிளம்பி வலப்பக்கமே வளைந்தால் முகம் திறந்திருக்கிறது, இடது கையை அரை விரல் அகலம் வலப்பக்கம் திருப்புங்கள். நாற்பதில் முப்பது இடப்பக்கம் சுருளத் தொடங்கிவிட்டால், அன்றைக்கு ஹோகனின் பிடியை முழுசாக எடுத்துப் பாருங்கள். அது உங்களுக்கும் எழுதிய மருந்துதான்.